எங்க மாமா பார்த்த நாடகம்

மெதுவாப் பேசுங்கக்கா. முன் சீட்டுல ஜன்னலோரம் தலையில துண்டைச் சுத்திக்கிட்டு தூங்குறாருல்ல, அவருதான் எங்க மாமா. என் வீட்டுக்காரரோட அப்பா. சுந்தரமகாலிங்கம்னு பேரு. தூங்குறார்னு நம்பிடக் கூடாது. ரிட்டயர்டு கண்டக்டர். கண்ணை மூடிக்கிட்டே எந்த ஸ்டாப்பிங் வந்திருக்குன்னு சொல்லிடுவாரு. இந்த லைன்ல எல்லா கண்டக்டரும் அவருக்கு சலாம் போடுவாங்க. நமக்குத்தான் டிக்கெட்.

கோயில்பட்டியில விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நாடகம் பார்க்கப் போனோம். ஆமா, நாடகம்தான். நேத்து சாயங்காலம் பார்த்துட்டு, சொந்தக்காரங்க வீட்டுல படுத்துட்டு, இப்ப அருப்புக்கோட்டைக்குத் திரும்புறோம். காலையில எழுந்ததும் நேத்து நடந்தது பேப்பர்ல வந்திருக்குமோன்னு ஒரு டீக்கடையில நின்னு பார்த்தேன். வரல. தப்பிச்சோம்.

என்ன நடந்துச்சா? நீங்களே சொல்லுங்க, நான் சொல்றதைக் கேட்டுட்டு யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

மொதல்ல, தப்பு என் மேலதான். நான்தான் மாமாவை அந்த நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நேத்து இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடி, மொதத் தடவை எங்க அருப்புக்கோட்டையிலயே போட்டப்ப, எங்க தெருவுல ஆட்டோவுல மைக்கு கட்டிச் சொல்லிட்டுப் போனாங்க. முதியோர் தினம், மகால்ல நிகழ்ச்சி, இலவசம், பெரியவங்களுக்கு முன்வரிசை, குடும்பத்தோட வாங்கன்னு. நாடகம்னா நான் என்ன நினைச்சேன், வள்ளி கல்யாணம் மாதிரி ஏதாவது இருக்கும், மாமாவுக்கும் ஒரு பொழுதுபோக்கு, வாசல்ல ஸ்வீட்டும் மிக்சரும் பாக்கெட்டுல போட்டுக் குடுக்கிறாங்கன்னு பக்கத்து வீட்டு பாப்பாத்தி அக்கா சொல்லுச்சு. கிளம்பிட்டோம்.

நாடகத்தோட பேரு 'ஈரத்தலை'. மதுரைப் பக்கத்துப் பிள்ளைங்க, எல்லாம் படிச்ச பிள்ளைங்க. மொதல்ல நல்லாத்தான் போச்சு. ஒரு கிழவி. கிழவியா நடிச்சது செம்மலர்னு ஒரு சின்னப் பொண்ணு, தலையில வெள்ளை மாவைப் பூசி, முதுகை வளைச்சு, அச்சு அசலா கிழவிதான். முறுக்கு கேட்டு மருமகளோட சண்டை போடுது. மகால் பூரா சிரிப்பு. எங்க மாமாவும் சிரிச்சாரு. அப்புறம் கிழவி விழுந்துடுது. இடுப்பு ஒடிஞ்சு படுக்கையில கிடக்குது. மழை இல்ல, வேலை இல்ல, வீட்டுல கஷ்டம். மகன்காரனும் சொந்தக்காரங்களும் தனியா நின்னு குசுகுசுன்னு பேசுறாங்க. விடிகாலையில அந்தக் கிழவியைத் தூக்கி உட்கார வச்சு, மகன்காரன் எதுக்க உட்கார்ந்து தலையைப் பிடிச்சுக்க, தலை நிறைய எண்ணெய் ஊத்துறாங்க. நிஜ எண்ணெய்க்கா, நல்லெண்ணெய், வாசனை எங்க சீட்டு வரைக்கும் வருது. குளிப்பாட்டுறாங்க. அப்புறம் இளநி. இன்னொரு இளநி. இன்னும் ஒண்ணு. நான் மாமாகிட்ட, "நல்லா கவனிக்கிறாங்களே மாமா"ன்னு சொல்றேன்.

சத்தியமா தெரியாதுக்கா. நான் ஆரணிக்காரி. பட்டு சேலை எடுக்க ஆரணிக்கு வந்த மனுஷன் என்னையும் எடுத்துட்டு வந்துட்டாரு, அப்படித்தான் நான் இந்த ஊருக்கு வந்தேன். எங்க ஊர்ல எண்ணெய் தேய்ச்சு விட்டா அன்புன்னு அர்த்தம். அந்தக் கிழவி நடுங்கி நடுங்கி அப்படியே சாயவும்தான் எனக்கு விளங்குச்சு, குளிர வச்சே கொல்லுறாங்கன்னு. தலைக்கூத்தல்னு அதுக்கு ஒரு பேரே இருக்காமே. இத்தனை வருஷம் இங்க இருந்திருக்கேன், ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலை பாருங்க.

மிக்சர் பாக்கெட்டு கசங்குற சத்தம்கூட இல்ல. அப்ப பின்னாடி ஒரு பெரியவர் அவர் மகன்கிட்ட, "போதும், எந்திரி, வீட்டுக்குப் போகணும்"ங்கிறாரு. உடனே அவரே, "இல்ல, வீட்டுக்கு வேணாம், உன் அக்கா வீட்டுல விட்டுரு"ங்கிறாரு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு, முந்தானையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டேன்.

முடிஞ்சதும் அந்த டைரக்டர் தம்பி, இளம்பரிதின்னு பேரு, தாடி வச்சிருப்பாரு, மேடையில வந்து, "பார்த்தவங்க உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க"ன்னாரு. ஒருத்தர் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு எந்திரிச்சாரு. "எங்க ஊரைக் கேவலப்படுத்தாதீங்க. இதெல்லாம் இங்க கிடையாது. அது சாத்தூர்ப் பக்கம்"னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் இதே நாடகத்தைச் சாத்தூர்ல போட்டப்ப அங்க ஒருத்தர் எந்திரிச்சு, "அது கோயில்பட்டிப் பக்கம்"ங்கிறாரு. நேத்து கோயில்பட்டியில என்ன சொன்னாங்க தெரியுமா? "அருப்புக்கோட்டைப் பக்கம் அந்த மாதிரி உண்டு"ன்னு சொன்னாங்க. நான் அருப்புக்கோட்டைக்காரின்னு தெரியாம என் பக்கத்துல இருந்த அம்மாவும் தலையை ஆட்டுது. அந்த நாடகத்துல வர்ற ஊரு மட்டும் எந்த ஊர்லயும் இல்ல.

சரி, அதோட விட்டுச்சா? எங்க ஊர்ல நாடகம் பார்த்ததுக்கு அடுத்த சனிக்கிழமை வந்துச்சு.

எங்க வீட்டுல சனிக்கிழமைன்னா மாமாவுக்கு எண்ணெய்க் குளியல். மிளகும் சீரகமும் போட்டு நான்தான் காய்ச்சுவேன். உச்சியில நான் வச்சு விடுவேன், மத்தது அவரே தேய்ச்சுக்குவாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதுல ஒரு குறை வச்சதில்ல. அத்தை இல்ல, அவங்க நான் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. பொம்பளைப் பிள்ளை இல்லாத வீடு. நான்தான் எல்லாம். அன்னிக்குக் கிண்ணத்தை எடுத்துட்டுப் போறேன், பலகையைப் போட்டு வச்சிருக்கேன். மாமா நாற்காலியை விட்டு எந்திரிக்கல.

"வேணாம் தாயி."

"சளி பிடிச்சிருக்கா மாமா?"

"இல்ல. அந்தப் பலகையில உட்கார நான் யாரு."

கேட்டீங்களா பேச்சை? அவர் கட்டின வீடு. அவர் வாங்கிப் போட்ட பலகை. 'நான் யாரு'ங்கிறாரு. என்னைக் குத்திக் காட்டுறாரு. நான் அந்த நாடகத்து மருமக மாதிரி பண்ணிடுவேன்னு நினைக்கிறாரு. என் வீட்டுக்காரர் அங்க நின்னு ஷேவிங் பண்ணிக்கிட்டு இருந்தாரு. "என்னங்க, உங்க அப்பாவைக் கேளுங்க"ன்னேன். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே, "விடு அம்சா"ன்னாரு. அம்சவேணின்னு என் பேரு. எதுக்கெடுத்தாலும் 'விடு அம்சா'. அந்த மனுஷன் வாயில இருந்து வர்றதே அந்த ரெண்டு வார்த்தைதான்.

நான் விடலை. அந்த எண்ணெயை எடுத்து என் தலையில நானே ஊத்திக்கிட்டேன், அவர் பார்க்க. பாலைக் கொண்டு போனா மொதல்ல நான் ஒரு வாய் குடிச்சுக் காட்டினேன். மாமா மிச்சத்தைக் குடிச்சாரு. அவர் பாலை வேண்டாம்னு சொல்லவே இல்லக்கா, அது வேற. எண்ணெயும் இளநியும்தான் வேணாம்னாரு.

எங்க வீடு மட்டும்தானா, தெரு பூராவுமே அப்படித்தான். பாப்பாத்தி அக்கா மாமியார், அந்தக் கிழவிக்குக் காது கேட்காது, நாடகத்துல பாதி புரிஞ்சிருக்காது, அது இனி வெந்நீர் மட்டும்தான்னு சொல்லிடுச்சு. மூலையில இளநி வெட்டுற மாரீஸ்வரன் எங்க வாசல்ல வந்து நின்னு கத்துறான், "உங்க கண்ணு முன்னாடியே சீவித் தர்றேன், ஒரு தாத்தாவும் வாங்க மாட்டேங்கிறாரு, இந்த நாடகக்காரங்க என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டாங்க"ன்னு. இளநி வாங்கிட்டுப் போற வீட்டை எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறாங்க. எனக்கு வயித்து வலி வந்து ஒரு இளநி வாங்கினேன். கடையிலயே நின்னு, தெரு பார்க்கக் குடிச்சுட்டு வந்தேன்.

இந்தக் கூத்துக்கு நடுவுல மாமா ஞாயித்துக்கிழமையானா காணாமப் போக ஆரம்பிச்சாரு. காலையில சட்டையைப் போட்டுக்கிட்டு கிளம்புவாரு, இருட்டினதும் வருவாரு. எங்க போனீங்கன்னா, "சும்மா பஸ்ல"ம்பாரு. நான் நம்பிட்டேன். கண்டக்டரா இருந்தவருக்கு பஸ்ஸுல போறதுல ஒரு இதுன்னு. அப்புறம் பாப்பாத்தி அக்கா தங்கச்சி போன் பண்ணிச்சு. "உங்க மாமாவை விளாத்திகுளத்துல நாடகத்துல பார்த்தேன். முன்வரிசையில உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருந்தாரு. பாவம், வீட்டுல என்ன கஷ்டமோ"ன்னு சொல்லுச்சு.

'வீட்டுல என்ன கஷ்டமோ.' எனக்கு எப்படி இருக்கும்? ஊரூராப் போயி உட்கார்ந்து அழுதா பார்க்கிறவன் என்ன நினைப்பான்? இந்தப் பெரியவருக்கு வாய்ச்ச மருமக சரியில்லன்னு நினைப்பான். அதுக்குத்தான் போறாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சரி, நீங்க போனா நானும் வருவேன்னு முடிவு பண்ணிட்டேன்.

சாத்தூர்ல போட்டப்ப நானும் கூடவே போனேன். ஃபிளாஸ்க்குல காபி, ஸ்வெட்டர், விசிறி, மாத்திரை டப்பா எல்லாம் எடுத்துக்கிட்டேன். ஸ்கூல் கிரவுண்டுல போட்டாங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நான் எந்திரிச்சு நின்னு, "மாமா, சர்க்கரை கம்மியாப் போட்டிருக்கேன், ஊதிக் குடிங்க"ன்னேன். நாலு பேருக்குக் கேட்கட்டும்னுதான் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். பின்னாடி ஒரு பொம்பளை அவ புருஷன்கிட்ட, "பாருங்க, இந்த மாதிரி இருக்கணும்"னா. எனக்கு மனசு குளுந்து போச்சு. மாமாதான் காபியைக் கையில வச்சுக்கிட்டே ஆற விட்டுட்டாரு.

அன்னிக்கு முடிஞ்சதும் டைரக்டர் தம்பி வழக்கம் போல கேட்டாரு, யாராவது பேசுறீங்களான்னு. சாத்தூர்க்காரர் 'எங்க ஊர்ல இல்ல'ன்னு சொல்லி உட்கார்ந்தாரு. ஒரு காலேஜ் பிள்ளை அழுதுக்கிட்டே என்னமோ சொல்லுச்சு. அப்ப எங்க மாமா கையைத் தூக்குறாரு. மைக்கை வாங்கிக்கிட்டாரு. கண்டக்டர் இல்லையா, மைக் இல்லாமலே கேட்கும்.

"தம்பி, நீங்க தப்பா உட்கார வச்சிருக்கீங்க"ன்னாரு.

"எதைங்க ஐயா?"

"தலையைப் பிடிக்கிறவன் முன்னால உட்கார மாட்டான். பின்னாடிதான் உட்காருவான். முன்னால உட்கார்ந்தா மூஞ்சி தெரியும். அவங்களும் பார்ப்பாங்க. பின்னாடி உட்கார்ந்தா உச்சி மட்டும்தான் தெரியும்."

அந்தத் தம்பி மேடை ஓரத்துக்கு வந்தாரு. அப்புறம் ரொம்ப மெதுவா, "ஐயாவுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாரு.

மாமா மைக்கைத் திருப்பிக் குடுத்துட்டு உட்கார்ந்துட்டாரு.

அது அவரோட குணம்க்கா. எல்லாத்துலயும் ஒரு திருத்தம் சொல்லணும். கோயில் ஐயரு மந்திரம் சொன்னா அதுல தப்பு சொல்லுவாரு. நான் சாம்பார் வச்சா அதுல தப்பு சொல்லுவாரு. அந்தப் பிள்ளைங்க எவ்வளவு கஷ்டப்பட்டு நடிக்கிறாங்க, அதுல போயி இப்படி உட்காரு, அப்படி உட்காருன்னு. பஸ்ல வரும்போது சொன்னேன், "உங்களுக்கு எதுக்கு மாமா அதெல்லாம்"னு. "சரியாச் செய்யணும்ல தாயி"ன்னாரு. "தலையைப் பிடிக்கிறவன் அவங்க கண்ணு தனக்குத் தெரியாத மாதிரித்தான் உட்காருவான். அது தெரியணும்ல பார்க்கிறவனுக்கு"ன்னு ஜன்னலுக்கு வெளியே பார்த்தே சொல்லிக்கிட்டு வந்தாரு.

அவங்க அம்மாவா? மாமாவோட அம்மாவையா கேட்கிறீங்க? அவங்க போயி ரொம்ப காலமாச்சு. என் வீட்டுக்காரரே பார்த்ததில்ல. காய்ச்சல்ல போனதா சொல்லுவாங்க. இடுப்பு ஒடிஞ்சு படுக்கையில இருந்தாங்களாம், மழை தண்ணி இல்லாத காலமாம், மாமா வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை, அவருக்கு மேல அண்ணன்க நாலஞ்சு பேரு. திடீர்னு குளிர் காய்ச்சல் வந்து போயிட்டாங்களாம்.

என்னக்கா அப்படிப் பார்க்கிறீங்க?

சே, சே. நீங்க நினைக்கிற மாதிரியெல்லாம் இல்ல. எங்க மாமா அப்படிப்பட்டவர் இல்ல. கோழி அறுத்தாக்கூட வெளியே போயிடுவாரு. வயசானவங்களுக்குக் காய்ச்சல் வராதா? படுக்கையில கிடந்தா குளிர் வராதா? நாடகம் பார்த்துட்டு வந்தா எல்லாருக்கும் இந்தப் புத்திதான் வருது. நீங்க நாடகம் பார்க்கவே இல்ல, நான் சொல்லிக் கேட்டதுக்கே உங்களுக்கு வந்துடுச்சு.

நேத்து விஷயத்துக்கு வர்றேன்.

கோயில்பட்டியில கல்யாண மண்டபம். நல்ல கூட்டம். நான் ஆரணிப் பட்டு கட்டியிருந்தேன், எங்கம்மா எடுத்துக் குடுத்தது. நாடகத்துக்கு எதுக்குப் பட்டுன்னு கேட்பீங்க. நாலு பேரு பார்க்கிற இடம், மாமாவை நல்லா வச்சிருக்கோம்னு தெரியணும்ல. மாமா முன்வரிசை, நான் மூணாவது வரிசை. முன்வரிசை பெரியவங்களுக்கு மட்டும்னு என்னைப் பின்னாடி அனுப்பிட்டாங்க.

அந்தப் பிள்ளைங்க மாமா சொன்ன மாதிரியே மாத்தியிருந்தாங்கக்கா. தலையைப் பிடிக்கிற மகன்காரன் பின்னாடி உட்கார்ந்திருந்தான். கிழவி முகம் நேரா நம்மளைப் பார்க்குது. அவனுக்குத்தான் தெரியாது, நமக்குத் தெரியுது. முன்னயெல்லாம் எனக்கு அழுகை வரல, நேத்து வந்துடுச்சு. எண்ணெயை ஊத்துறாங்க. வழிஞ்சு கண்ணுல இறங்குது. தண்ணியை ஊத்துறாங்க. கிழவி நம்மளையே பார்க்குது.

அப்பத்தான் எங்க மாமா எந்திரிச்சாரு.

பாத்ரூம் போறாருன்னு நினைச்சேன். நேரா மேடைப் படியில ஏறுறாரு. ஒவ்வொரு படியா, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு. மண்டபத்துல ஒருத்தரும் தடுக்கலை, அவரும் நாடகத்து ஆளுதான்னு நினைச்சுட்டாங்க. கிழவிகிட்டப் போயி குனிஞ்சு, "எந்திரி ஆத்தா. போலாம்"னாரு.

அந்தப் பொண்ணு செம்மலர் அவரைப் பார்த்துச்சு. டைரக்டரைப் பார்த்துச்சு. அப்புறம் என்ன நினைச்சுச்சோ, கையை நீட்டிடுச்சு. மாமா பிடிச்சுத் தூக்கினாரு. முதுகை வளைச்சுக்கிட்டே, இடுப்பு ஒடிஞ்ச கிழவி மாதிரியே காலை இழுத்து இழுத்து அவர் கூட நடந்து வருது. நடிப்பை விடலை பாருங்க. மேடையில அந்த மகன்காரன் பிடிக்கிறதுக்குத் தலை இல்லாம, ரெண்டு கையையும் அந்தரத்துல வச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கான். யாரோ ஒருத்தர் சிரிச்சாரு. அப்புறம் மண்டபமே சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே கை தட்டினாங்க. தட்டிக்கிட்டே சில பேரு அழுதாங்க.

நான் சீட்டுக்கு அடியில போயிடலாமான்னு பார்க்கிறேன். மாமா நேரா என்கிட்டதான் வர்றாரு. சொட்டச் சொட்ட அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து என் முன்னாடி நிறுத்திட்டு, "தாயி, ஆத்தாவுக்குக் குளிருது. துவட்டி விடு"ங்கிறாரு.

துண்டு ஏதுக்கா அங்க? எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. அந்தப் பொண்ணுக்கு நிஜமாவே பல்லு கிட்டுது, மேல ஏசி ஓடிக்கிட்டு இருக்கு. முந்தானையை எடுத்தேன், துவட்டினேன். வேற என்ன செய்ய? பட்டு முந்தானையால துவட்டினேன். துவட்டத் துவட்ட வெள்ளை மாவெல்லாம் சேலையில வந்துடுச்சு, உள்ளேர்ந்து கறுகறுன்னு முடி வந்துச்சு. மாமா பக்கத்துல நின்னு அதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. ஒரு சீட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. சர்க்கரை ஏறியிருக்கும், காலையில மாத்திரை போட மறந்துட்டாரு.

டைரக்டர் தம்பி மேடைக்கு வந்து, "நாடகம் முடிஞ்சுச்சு"ன்னாரு. அவருக்கே அது கேள்வி மாதிரி இருந்துச்சு. யாராவது பேசுறீங்களான்னு கேட்டாரு. அருப்புக்கோட்டைப் பக்கம்னு சொன்னாங்கன்னேனே, அது அப்பத்தான். அதுக்கப்புறம் ஒரு வயசான அம்மா எந்திரிச்சு, "தம்பி, அந்தக் கிழவி இனிமே எங்க இருப்பா?"ன்னு கேட்டுச்சு.

பாவம் அந்தத் தம்பி. படிச்ச பிள்ளை, எல்லாத்துக்கும் பதில் வச்சிருப்பாரு. இதுக்கு செம்மலரைத் திரும்பிப் பார்த்தாரு.

எங்க மாமா இங்கேர்ந்து, "எங்க வீட்டுல"ன்னாரு.

யாரைக் கேட்டு? சொல்லுங்க. இருக்கிறது ரெண்டு ரூமு. ஆனா அந்த நேரத்துல என்னத்தைச் சொல்றது, எல்லாரும் திரும்பி என் மூஞ்சியைப் பார்க்கிறாங்க, இடம் குடுப்பாளான்னு. நான் தலையை ஆட்டினேன். அதுக்கும் கை தட்டினாங்க. அந்த வயசான அம்மாவுக்கு அப்பத்தான் திருப்தி, உட்கார்ந்துச்சு.

எல்லாரும் போனப்புறம் மேடைக்குப் பின்னாடி எங்களை உட்கார வச்சு டீ குடுத்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன், திட்டலை. அந்த டைரக்டர் தம்பி மாமா பக்கத்துல தரையில உட்கார்ந்துக்கிட்டாரு, ஒண்ணும் கேட்கலை. செம்மலர் முகம் கழுவிட்டு சுடிதாரோட வந்துச்சு, சின்னப் பொண்ணு, என் சித்தி மக மாதிரி இருக்கு. மாமா அதுகிட்ட, "சாப்பிட்டியா தாயி?"ன்னாரு. "இனிமேதான் தாத்தா"ன்னுச்சு. "உன் பேரு என்ன?" சொல்லுச்சு. பேரைக் கேட்டுட்டு டீ கிளாசைக் கீழே வச்சாரு.

"எங்க ஆத்தா பேரு வெயிலாச்சி"ன்னாரு.

நான் அப்பத்தான் மொதல் தடவையா அந்தப் பேரைக் கேட்கிறேன். இத்தனை வருஷமா அந்த வீட்டுல அமாவாசைக்கு அமாவாசை விளக்கேத்துறவ நான். மாமாவோட அப்பா படம் இருக்கு, அண்ணன்க படம் இருக்கு, அத்தை படம் இருக்கு. அந்த அம்மாவுக்குப் படமும் இல்ல, பேரும் இல்ல. பெரியவங்கன்னு பொதுவாச் சொல்லித்தான் கும்பிட்டிருக்கேன். எனக்குக் கோபம்தான் வந்துச்சு. "மாமா, பேரைச் சொல்லியிருந்தா நான் தனியா ஒரு இலை போட்டிருக்க மாட்டேனா"ன்னேன்.

"போடுறியா?"ன்னாரு. கேட்கிற விதத்தைப் பாருங்க, நான் போட மாட்டேன்னு சொல்லிடுவேன்னு பயந்த மாதிரி.

"வர்ற அமாவாசைக்கே போடுறேன். அவங்களுக்கு என்ன பிடிக்கும், சொல்லுங்க, செஞ்சு வைக்கிறேன்"னேன்.

மாமா யோசிச்சாரு. அந்தப் பிள்ளைங்க எல்லாம் சாமானைக் கட்டுறதை நிறுத்திட்டு அவரையே பார்க்கிறாங்க. டீ ஆடை கட்டிடுச்சு.

"தெரியலையே தாயி. நான் கேட்டதே இல்ல"ன்னாரு.

அப்புறம் அழுதாரு. வாயைப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்க. செம்மலர் முதுகைத் தடவி விட்டுச்சு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை, நானும் சேர்ந்து அழுதேன். எதுக்கு அழுதேன்னு கேட்டா எனக்கே தெரியாது. சேலைக்குன்னு வச்சுக்கங்களேன். இந்தப் பையிலதான் சுருட்டி வச்சிருக்கேன். எண்ணெய்க் கறை பட்டுல போகுமாக்கா? பவுடரைத் தூவி வச்சு எடுக்கணுமா? செஞ்சு பார்க்கிறேன்.

அந்தா, பந்தல்குடி தாண்டிடுச்சு. எங்க மாமா கழுத்து அசையுது பாருங்க, முழிச்சுட்டாரு. இனி நாம பேசுறது அவருக்குக் கேட்கும்.

அமாவாசைக்குப் பணியாரம் செய்யலாம்னு இருக்கேன். வெல்லம் போட்டு, தேங்காயைப் பல்லுப் பல்லாக் கீறிப் போட்டு. அந்த அம்மாவுக்குப் பிடிக்குமோ என்னமோ. நீங்க சொல்லுங்கக்கா, பணியாரத்தை வேண்டாம்னு சொல்ற கிழவியை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?